முத்துச் சலாபமும் அரசாங்கப் பொக்கிஷமும்

அரசாங்கத்திற்குப் பொருள் எவ்வழியாக வருகின்றது, வந்த பொருள் எவ்வழியாகச் செல்கின்றது என்னும் வினாக்கள் பொருளியல் பயிலும் மாணவர்க்குப் புதியனவல்ல. நிலவரி, சுங்கம், விற்பனைவரி முதலிய பேராறுகளைப்பற்றி நூல்கள் விரித்துரைக்கின்றன. நம் கடற்கரையில் ஓடிய சிற்றாறு ஒன்றையோ அவை ஒரு வரியிற் கூறிக் கடந்துவிடுகின்றன. கொற்கை தொடங்கித் தூத்துக்குடி, கீழக்கரை, மன்னார் வரையிலும் பரந்துகிடக்கும் கடலடியிலிருந்து பாண்டியர் முதல் சென்னை அரசாங்கத்தார் வரையில் எத்தனையோ அரசுகள் பொருள் பெற்றன. அப்பொருள் வந்த வகையை நோக்குவார்க்கு, பெரிய வரிகளைப்பற்றிய நூல்களில் எளிதிற் புலப்படாத ஓர் உண்மை இங்கே தெற்றெனப் புலப்படும். அஃதாவது, வருமென்றும் வாராதென்றும் துணிய இயலாத வருவாயை நம்பிய ஒவ்வோர் அரசும், அதன் நிச்சயமின்மையை வேறொருவர் தலையில் ஏற்றிவிடவே முயன்றது. ஏற்றப்பட்டவர் யாவர் என்பது காலந்தோறும் வேறுபட்டது. அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதலாவது, சலாபம் என்பது யாது என்று கூறவேண்டும். முத்துச்சிப்பிகள் எடுக்கப்படும் பருவத்தையும், அதற்கெனக் கூடும் கூட்டத்தையும், அத்தொழில் முழுவதையும் நம் கரையார் சலாபம் என்ற ஒரு சொல்லாலேயே குறித்தனர். சிலாபம் என்றும் வழங்குவர். கடலின் அடியில் மணற்பரப்பினிடையே கல்லும் பாறையுமாய்க் கிடக்கும் திட்டுக்களுக்குப் பார் என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள தோலாயிரம் பாரும், இலங்கைப் பக்கத்துப் பெரிய பாரும் பெயர்பெற்றவை. சிப்பிக் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்துவந்து இப்பார்களிற் பற்றி வளரும். நான்கு ஐந்து ஆண்டு முதிர்ந்த சிப்பியிலேதான் விலைபோகும் முத்து உண்டாம். அதற்குமேல் ஓரிரண்டாண்டு விட்டுவைத்தால் சிப்பி தானே மடிந்துபோம். ஆகவே, முந்தினாற் பயனில்லை, பிந்தினாற் பொருளில்லை. அதற்கிடையிலும் தென்மேற்குப் பருவக்காற்றில் மணல் புரண்டு பாரை மூடிவிடலாம்; திருக்கை மீன் கூட்டம் வந்து சிப்பிகளை நொறுக்கித் தின்றுவிடலாம். கோடிக்கணக்கான குஞ்சுகள் நிறைந்திருக்கக் கண்ட பார் மறு ஆண்டு வெறும் பாறையாய்க் கிடந்தது என்று பார்களைச் சோதித்த அதிகாரிகள் பலமுறை எழுதியிருக்கின்றனர். நிலத்தில் விளைவு பொய்த்தால் வானத்தைப் பார்த்து அறியலாம். கடலடியிற் பொய்த்தால் முக்குளித்துப் பார்த்தவனே அறிவான்.

இத்தகைய செல்வத்தைப் பழைய அரசர் எவ்வாறு கைக்கொண்டனர்? கிறிஸ்து பிறந்தபின் முதல் நூற்றாண்டிற் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடற் செலவுநூல், பாண்டிய நாட்டுக் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக்கொண்டு முத்துக்குளிப்பித்தனர் என்று கூறுகின்றது. அரசனே முதலாளியாய், தண்டனையே கூலியாய் அமைந்த முறை அது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ காலத்தில் முறை மாறிவிட்டது. வணிகர் கூட்டங்கூட்டமாய்ச் சேர்ந்து படகுகளையும் குளிப்பவர்களையும் அமர்த்திக்கொண்டனர். எடுத்ததிற் பத்தில் ஒன்று அரசனுக்குரியது. சுறாமீன்களை மந்திரத்தாற் கட்டுபவர்க்கு இருபதில் ஒன்று. இம்மந்திரக்காரரை நம் பக்கத்தார் கடற்கட்டிகள் என்பர். அரசனுக்குரியதிற் பாதி மந்திரத்திற்குரியதாயிற்று என்பது நகைப்புக்கு இடமாகத் தோன்றலாம். ஆயினும், குளிப்பவன் அஞ்சிக் கடலில் இறங்காவிடின் அரசனுக்குப் பத்தில் ஒன்றும் இல்லை. அச்சத்தை நீக்குவதும் ஒரு செலவே. அச்செலவு பின்னர் வந்த ஐரோப்பிய அரசாங்கத்தார் கணக்கிலும் நெடுங்காலம் ஏறிவந்தது.

பங்கு வாங்கும் முறையில் ஒரு நீதி உண்டு. எடுத்தது மிகுந்தால் அரசனுக்கு மிகும். குறைந்தால் அவனுக்குங் குறையும். நிச்சயமின்மை இருவர்க்கும் பொதுவாய் நிற்கும். பின்வந்தவர்களுக்கு இஃது உவப்பாக இல்லை.

போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் இக்கரையை அடைந்தனர். 1535ஆம் ஆண்டையடுத்துப் பரதவர் பெருந்தொகையினராய்க் கிறிஸ்து சமயத்தைத் தழுவி, அவர்கள் பாதுகாப்பில் நின்றனர். அப்பாதுகாப்பிற்கு விலையாக முத்துக்குளிப்பிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகையைச் செலுத்தலாயினர். அதில் ஒரு பகுதி போர்த்துக்கல் நாட்டு அரசியாகிய கத்தரீனாளின் பாதரட்சைச் செலவிற்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. மணப்பாட்டுக் குளிகாரர் மூச்சடக்கி ஈட்டியதில் ஒரு கூறு லிஸ்பன் நகரத்து அரசியின் காலணிக்குச் சென்றது என்றால், பொதுப்பொருள் எத்துணைத் தூரம் ஓடக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. 1542ஆம் ஆண்டு இக்கரைக்கு வந்த சவேரியார் இதனை அறிந்து, அத்தொகையைக் கடற்கரையூர்களிற் பிள்ளைகளுக்குப் போதிக்கும் உபதேசியார்களின் சம்பளத்திற்கு விட்டுக்கொடுக்குமாறு அரசியை வேண்டினார்; அரசியும் இசைந்தாள். எடுத்த இடத்திலேயே ஒரு பகுதி செலவாக வழி பிறந்தது. வரவு செலவுத் திட்டம் என்ற சொல்லே வழங்காத காலத்தில், ஒரு செலவுத் தலைப்பை மாற்றுவதற்கு ஒரு முனிவர் கடல்கடந்து கடிதம் எழுதவேண்டியிருந்தது என்பதை மாணவர் நினைவிற் கொள்வாராக.

1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அவர்கள் வணிகர், கணக்கிலே கருத்துடையவர். அவர்கள் காலத்தில் தழைத்தது கல்வரி. குளிப்பவன் விரைந்து அடித்தளம் சேரும்பொருட்டுக் காலிற் கோத்து இறங்கும் கல்லே வரிக்கு அளவுகோலாயிற்று. ஒரு கல்லுக்கு இருவர் மாறி மாறிக் குளிப்பர். அக்கல்லுக்கு இத்தனை பணம் என்று வரி விதிக்கப்படும். சிப்பி கிடைத்தாலும் கிடையாவிட்டாலும், முத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் கல்லுக்குரிய பணம் செலுத்தியாக வேண்டும். அரசாங்கத்திற்கு இதனினும் எளிய முறை வேறில்லை: கற்களை எண்ணினாற் போதும். எடுத்ததைப் பார்க்க வேண்டுவதில்லை, பங்கிட வேண்டுவதில்லை, மறைத்தானோ என்று காவல் காக்க வேண்டுவதுமில்லை. நிச்சயமின்மை முழுவதும் குளிப்பவன் தலையில் இறங்கிற்று.

கடல் ஒல்லாந்தர் கையில் இருந்தபோதிலும் கரை அவர்களுடையதன்று. கரையையாண்ட சிற்றரசரும் பேரரசரும் தத்தம் உரிமையை விடுவதாயில்லை. அவ்வுரிமை வரியில்லாக் கற்களாக வழங்கப்பட்டது. மதுரை நாயக்கருக்கு 96½ கற்கள். இராமநாதபுரம் சேதுபதிக்கு 60 கற்கள். பட்டங்கட்டிகளுக்கும், பரதவர் சாதித் தலைவருக்கும் தனித்தனியே கற்கள் உண்டு. அக்கற்களைக்கொண்டு குளிப்பதால் வரும் பயன் ஒல்லாந்தரைச் சாராது, கல்லுக்குரியவரைச் சாரும். அந்த அரைக்கல்லைக் கண்டு நாம் வியப்பதுண்டு. காலிற் கட்டும் கல்லை அரையாகப் பிளந்து எவனும் கடலில் இறங்கான். கணக்கேட்டில் மாத்திரம் வாழும் அரைக்கல் அது. எவ்வளவு கடுமையான பேரம் நடந்து அவ்வெண் நிலைபெற்றிருக்கவேண்டும் என்பதை அதுவே சொல்லாமற் சொல்கின்றது.

இராமநாதபுரத்தைப்போன்ற சிறிய அரசிற்கு இத்தகைய வருவாயின் மதிப்புத் தனிப்பட்டது. மறவர் சீமையின் நிலம் பெரும்பாலும் ஏரிப்பாசனத்தை நம்பியது; மழை பொய்த்தால் நெல் இல்லை; நெல் இல்லையேல் மேல்வாரமும் இல்லை. நிலவரியோ நெல்லாகவும் தவணையாகவும் வருவது. வரும் வழியிலேயே கிராமக் கணக்கன், காவற்காரன், கோயில், சத்திரம் என்று பல கைகளிற் குறைந்து குறைந்து பொக்கிஷத்தை அடைவது. பாம்பன் கால்வாயிற் படகுகள் செலுத்தும் சுங்கமும், சங்குகுளிப்பும், முத்துக்கல்லுமோ நேரே நாணயமாக வருவன. படைக்குச் சம்பளம் கொடுக்கவும், மேலரசிற்குக் கப்பங்கட்டவும் நாணயமே வேண்டும். ஆகவே அளவிற் சிறியதாயினும் கடல்வருவாயின்மேல் சேதுபதிகள் காட்டிய பிடிவாதம் வீம்பன்று.

நிற்க. ஆங்கிலக் கும்பினியார் 1796ஆம் ஆண்டு இலங்கைக் கரையோரங்களை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தபோது அவர்களுக்கு ஓர் அரிய வாய்ப்புக் கிட்டியது. இலங்கைப் பார்களில் 1768 முதல் 1796 வரையிற் சலாபமே நடந்ததில்லை. நெடுங்காலம் தொடப்படாதிருந்த பார்களில் 1796, 1797, 1798 ஆகிய மூன்றாண்டும் தொடர்ந்து குளிப்பித்துப் பெரும்பொருள் ஈட்டினர். புதிதாய்க் கைக்கொண்ட நாட்டின் செலவுக்கு அப்பணம் தக்க சமயத்தில் உதவியது. அதன்பின் தேசாதிபதியாக வந்த பிரெடரிக் நார்த் என்பாருக்குச் சலாபத்தின்மேல் இருந்த நாட்டத்திற்கு அரிப்பு என்னும் ஊரில் அவர் கட்டுவித்த மாளிகையே சான்று. முத்துக்குளிப்பை அருகிருந்து பார்வையிடவேண்டி, கிரேக்கத் தூண்வடிவில் அது எடுக்கப்பட்டது. இன்று அதன் இடிந்த சுவர்களைக் கடல் அரித்துக்கொண்டிருக்கின்றது.

அக்காலத்தில் வழங்கிய முறை குத்தகை. இத்தனை படகுகள், இத்தனை நாள்கள் குளிக்கலாம் என்று வரையறுத்து, அவ்வுரிமையை ஒரு பெருவணிகருக்கு ஒரே தொகைக்கு விட்டுவிடுவர். குத்தகைதாரர் படகுகளையும் குளிப்பவர்களையும் அமர்த்துவார், இலாபநட்டம் அவருடையது. அரசாங்கத்திற்கு முன்கூட்டியே தொகை தெரியும். கல்வரியிற் குளிப்பவன் சுமந்ததை இங்கே வணிகர் சுமந்தார்; ஆனால் அவர் அதற்கு ஏற்பக் குறைத்தே கேட்டார் என்பதை மறத்தலாகாது. மற்றொரு தீங்கும் உண்டு. இந்த ஓராண்டிற்கே குத்தகை பெற்றவருக்கு வரும் ஆண்டின் இளஞ்சிப்பியைப்பற்றி என்ன கவலை? வரையறுத்த நாள்களுக்குள் எவ்வளவு வாரமுடியுமோ அவ்வளவும் வாருவதே அவருக்கு இலாபம்.

இக்காரணங்களாற் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரு கரையிலும் குத்தகை போய் அமானி வந்தது. அஃதாவது அரசாங்கமே சலாபத்தை நேரில் நடத்தலாயிற்று. பங்கு முறை மீண்டும் தலையெடுத்தது, ஆனால் அளவு தலைகீழாய் மாறியிருந்தது. மார்க்கோ போலோ காலத்தில் அரசனுக்குப் பத்தில் ஒன்று. இப்போது அரசாங்கத்திற்கு மூன்றில் இரண்டு, குளிப்பவர்க்கும் படகுக்கும் சேர்ந்து மூன்றில் ஒன்று. இம்முறை எவ்வாறு நடந்தது என்பதைச் சற்று விரித்துக் கூறுவது தகும். ஏனெனில் பொதுப்பொருள் உண்டாகும் கணத்தை இவ்வளவு தெளிவாகக் கண்ணாற் காணக்கூடிய இடம் வேறு அரிது.

சலாபத்திற்கு முன்னரே பாரைச் சோதித்து, சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்து, அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்துக்களை மதிப்பிடுவர். பெரிய துளையிலிருந்து சிறிய துளைவரை ஒழுங்குபட்ட பித்தளைச் சல்லடைகள் பத்து உண்டு. அவற்றிற் சலித்து அளவு பிரித்தபின், உருட்சியும் ஒளியும் நோக்கி ஆணி முதற் குறுவல், தூள் ஈறாக வகுப்பர். ஆயிரஞ் சிப்பிக்கு இவ்வளவு ரூபாய் பெறும் என்று தெரிந்தபின்னரே, சலாபம் நடத்தினாற் செலவு போக மிகுமா என்று முடிவு செய்வர். பங்குனி சித்திரை மாதங்களில், இரு பருவக்காற்றுக்கும் இடையே கடல் அமைந்திருக்குங் காலத்திற் சலாபம் கூடும். நள்ளிரவுக்குப்பின் கரைக்காற்றில் நூற்றுக்கணக்கான படகுகள் பாய்விரித்துப் பாரை நோக்கிச் செல்லும். விடிந்ததும் குளிப்புத் தொடங்கும். ஆறு முதல் ஒன்பது பாகம் ஆழத்தில், ஏறக்குறைய ஒரு நிமிஷ நேரத்திற்குள், கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பான், மேலேயிருப்பவன் இழுத்துக்கொள்வான். நண்பகலிற் கடற்காற்று எழும், படகுகள் திரும்பும்.

கரையில், வேலியடைத்த கொட்டகைக்குள், ஒவ்வொரு படகின் சிப்பியும் மூன்று குவியலாகப் பிரிக்கப்படும். பிரிப்பவர் குளிப்பவரே. மூன்றிற் குளிப்பவர்க்குரிய குவியல் எது என்று காட்டுபவரோ அரசாங்க அதிகாரி. எக்குவியல் தமக்கு வருமென்று அறியாமையால் மூன்றையும் ஒத்த அளவாக வைப்பதே குளிப்பவர்க்கு நன்மை. நூல் பல கற்ற நிதியமைச்சர் எவரும் இதனிற் சிறந்த தணிக்கை முறையை வகுத்துவிட்டதாகத் தெரியவில்லை. மாலையில் அரசாங்கத்தின் இரு குவியல்களும் ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்படும். எடுத்துக்காட்டாக, ஒரு படகு 9,000 சிப்பிகள் கொணர்ந்தால் 6,000 ஏலத்திற்குச் செல்லும்; ஆயிரம் 30 ரூபாயென ஏலம் போனால் அப்படகினால் அன்று அரசாங்கம் பெறுவது 180 ரூபாய். எஞ்சிய 3,000 சிப்பியைக் குளிப்பவரும் கயிறு பிடிப்பவரும் படகுச் சம்மாட்டியும் தமக்குள் பங்கிட்டுக்கொள்வர். பெரும்பாலோர் கொட்டகை வாயிலிலேயே சில சிப்பிகளாகப் பிரித்துச் சிறு வணிகருக்கும் வேடிக்கை பார்க்க வந்தோருக்கும் விற்றுவிடுவர். மூடிய சிப்பிக்குள் முத்து உண்டோ இல்லையோ என்பதை அரசாங்கமும் அறியாது, குளிப்பவனும் அறியான். அறியாமையையே இருவரும் விற்கின்றனர். நாட்டுக்கோட்டைச் செட்டியாரும், கீழக்கரை மரைக்காயரும், பம்பாய் வணிகரும் அதை விலைகொடுத்து வாங்குகின்றனர். சலாபம் தொடங்கிய சில நாள்களில் நல்ல முத்துக்கள் கிடைத்ததாகச் செய்தி பரவினால் ஏலவிலை ஏறும். அழுகிய சிப்பியைக் கழுவினவர் முகம் வாடினால் மறுநாள் விலை சரியும்.

ஏலத்தொகை முழுவதும் வரவென்று கொள்ளலாகாது. ஊரும் நீரும் இல்லாத மணற்கரையில் ஒரு பருவத்திற்கென்று ஒரு நகரையே எழுப்பவேண்டும். குடிசைகள், குடிநீர், காவற்படை, மருத்துவசாலை, நீதிமன்றம், தபால் நிலையம் யாவும் வேண்டும். சிப்பி அழுகும் நாற்றத்திடையே பல்லாயிரவர் நெருங்கி வாழும் இடத்தில் வாந்திபேதி வந்ததாற் சலாபத்தை இடையில் நிறுத்த நேர்ந்ததும் உண்டு. சலாபம் நடவாத ஆண்டுகளிலும் பார்களைக் காக்கவும் சோதிக்கவும் கப்பலும் ஆளும் வேண்டும். இச்செலவுகள் ஆண்டுதோறும் நிச்சயமாக வருவன. வரவு மாத்திரமே வருமோ வாராதோ என்பது.

எவ்வளவு நிச்சயமற்றது என்பதற்குச் சில எண்கள் போதும். திருநெல்வேலிக் கரைச் சலாபத்தால் 1822இல் அரசாங்கத்திற்கு ஏறத்தாழ 13,000 பவுனும், 1830இல் ஏறத்தாழ 10,000 பவுனும் கிடைத்தன. அதன்பின் 1830க்கும் 1856க்கும் இடையிற் பதின்மூன்று முறை பார்களைச் சோதித்தனர். ஒருமுறையேனும் சலாபம் நடத்தத்தக்க சிப்பி இல்லை. மீண்டும் நல்ல சலாபம் கண்டது 1861ஐ ஒட்டியே. இலங்கையிலும் 1838 முதல் 1854 வரையிலும், 1864 முதல் 1873 வரையிலும், 1892 முதல் 1902 வரையிலும் சலாபமில்லை. ஒரு குடும்பத் தலைவர் பத்தாண்டு சம்பளமின்றி இருந்து, பதினோராம் ஆண்டு ஒரே மாதத்திற் பெருந்தொகை பெறுவாரானால் அவர் குடும்பக் கணக்கு எவ்வாறிருக்கும்? சென்னை மாகாணம் பெரியது. நிலவரி முதலியவற்றின் நடுவே முத்துப்பணம் வந்ததும் வாராததும் அங்கே தோன்றாது. இலங்கையின் அரசாங்கம் சிறியது. அங்கே ஒரு நல்ல சலாபம் அவ்வாண்டின் கணக்கையே உயர்த்திக் காட்டவல்லது. சிறிய அரசின் இடர்ப்பாடு இதுவே: ஒரு வருவாயின் ஏற்றத்தாழ்வை மறைப்பதற்கு அதனிடம் வேறு பெரிய வருவாய்கள் இல்லை.

1903இல் இலங்கைச் சலாபம் மீண்டும் தொடங்கி, 1905இல் மரிச்சுக்கட்டியில் நடந்தது முன்பின் காணாத பெருஞ்சலாபம். ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்தின் பங்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய்க்கு விலைபோயிற்று. அடுத்த ஆண்டே, 1906இல், அரசாங்கம் பார்களை லண்டனில் அமைந்த ஒரு கும்பினிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விட்டுவிட்டது. ஆண்டு வாடகை 3,10,000 ரூபாய். 1905இன் ஒரே சலாபத்திற்கு ஈடாக எட்டாண்டு வாடகை வேண்டும். பொன்முட்டையிடும் வாத்தை விற்றுவிட்டனர் என்று அக்காலத்திற் குறைகூறியவர் பலர். ஆயினும் அரசாங்கத்தாரின் நோக்கத்தை நாம் எளிதில் தள்ளிவிடுதற்கில்லை. பத்தாண்டு ஒன்றுமின்றிக் கிடந்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. ஆண்டுதோறும் தவறாது வரும் மூன்று இலட்சத்தைக்கொண்டு திட்டமிடலாம். எப்போதோ வரும் இருபத்தைந்து இலட்சத்தைக்கொண்டு திட்டமிட இயலாது.

நடந்தது என்ன? 1907க்குப்பின் பார்களிற் சிப்பியில்லை. கும்பினி 1912இல் முடிவெய்தியது. பார்கள் அரசாங்கத்தின் கைக்கே திரும்பின. அடுத்த குறிப்பிடத்தக்க சலாபம் 1925இலேதான் கண்டது. குத்தகை கொடுத்த அரசாங்கம் அவ்விடைக்காலத்தில் வாடகையளவிற்கு நன்மையே பெற்றது. நட்டம் லண்டன் பங்குதாரர்மேல் விழுந்தது. ஆனால் இருபதாண்டு நிச்சயம் என்று எழுதிய பத்திரம், எழுதியவர் நிற்கும் வரையிலேதான் நிச்சயம். நிச்சயமின்மையை விலைக்கு விற்கலாம்; வாங்கினவர் வீழ்ந்தால் அது விற்றவர் வாயிலுக்கே திரும்பிவரும்.

முத்தை நம்பிய சிறிய நாடு வேறொன்றும் உண்டு. பாரசீக வளைகுடாவிலுள்ள பாஹ்ரேன் தீவில் நம் நாட்டினும் மிகுதியாக முத்துக்குளிப்பே வாழ்வாயிருந்தது. ஜப்பானில் மிக்கிமோட்டோ வளர்த்த செயற்கை முத்துக்கள் பெருகியதாலும், 1929இல் தொடங்கிய உலக வாணிக மந்தத்தாலும் முத்துவிலை வீழ்ந்தபோது அத்தீவு நிலைகுலைந்தது. 1932இல் அங்கே எண்ணெய் கண்டனர். எண்ணெய் வருவாயை அவ்வரசாங்கத்தார் மூன்று பங்காக்கி, ஒன்றை அரசர் குடும்பத்திற்கும், ஒன்றை நடப்புச் செலவிற்கும் கொடுத்து, ஒன்றை வருங்காலச் சேமிப்பாக வைத்தனர். அரசருக்கு மூன்றில் ஒன்று என்பது மிகுதி என்று நாம் கருதுகின்றோம். ஆனால் மூன்றாவது குவியலைத் தொடாமல் வைத்த அறிவு முத்தைக்கொண்டு கற்ற பாடமென்றே தோன்றுகின்றது. நம் கரையில் வந்த முத்துப்பணமோ கலெக்டர் கச்சேரி வழியாகச் சென்னைப் பொதுக் கணக்கிற் கலந்துவிட்டது.

முத்தினும் எளியதாகிய சங்கு நமக்கு வேறுவகைச் செய்தி கூறுகின்றது. தூத்துக்குடிக் கடலிற் சங்கு ஏறக்குறைய ஆண்டுதோறும் கிடைப்பது. அதனை அரசாங்கத்தின் தனியுரிமையாக்கி, குளிப்பவர்க்குச் சங்கொன்றுக்கு இவ்வளவு என்று விலை கொடுத்து வாங்கி, ஏலத்தில் வங்காளத்து வளையல் வணிகருக்கு விற்றனர். குறித்த அளவு வளையத்திற்குள் நுழைந்துவிடும் சிறு சங்கை உயிரோடு கடலிலேயே விட்டுவிடவேண்டும் என்பது விதி. இங்கே விலை ஏறினாலும் இறங்கினாலும் அது அரசாங்கத்தின் பொறுப்பு. குளிப்பவன் தன் கூலியை எண்ணிக்கொண்டு வீடு செல்வான். முத்தின் புகழ் சங்கிற்கு இல்லை. எனினும், நாள்தோறும் அடுப்பெரியச் செய்தது எது என்று கடற்கரைத் தாய்மாரைக் கேட்டிருந்தால் சங்கையே சொல்லியிருப்பர்.

இனி, துறைமுகத்தைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். 1876இல் இருப்புப்பாதை தூத்துக்குடியை அடைந்தபின் பஞ்சு, தேயிலை முதலியவற்றின் வாணிகம் பெருகிற்று. கடல் ஆழமின்மையாற் கப்பல்கள் கரைக்குச் சில மைல் தொலைவிலேயே நங்கூரமிட்டுத் தோணிகளிற் சரக்கை ஏற்றியிறக்கின. 1924இற் துறைமுகப் பொறுப்புக் கழகம் அமைந்தது. பொதுப்பொருளின் வரலாற்றில் இஃது ஒரு புது முறை. கப்பலும் சரக்கும் செலுத்தும் துறைமுகக் கட்டணம் அரசாங்கத்தின் பொதுப் பொக்கிஷத்திற் கலவாமல், கழகத்தின் தனிப்பொக்கிஷத்தில் நின்று, அத்துறைமுகத்தின் வேலைக்கே செலவாகும். அதே சரக்கின்மேல் விதிக்கப்படும் சுங்கவரியோ அங்கு நில்லாது மத்திய அரசாங்கத்திற்குச் சென்றுவிடும். ஒரே மூட்டை, ஒரே நாள், ஒரே மேடை. ஆனால் இரண்டு பணப்பெட்டிகள். 1974ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் புதிய துறைமுகம் இந்தியாவின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979இற் பழைய துறைமுகமும் அதனோடு இணைந்தது. 2011இல் வ. உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பெற்று, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இப்போது துறைமுக ஆணையமாக இயங்குகின்றது. சிதம்பரனார் 1906இற் சுதேசிக் கப்பற் கும்பினி கண்டது இக்கரையிலே என்பதை நம் மாணவர்க்கு நாம் நினைவூட்ட வேண்டுவதில்லை. தனிப்பெட்டியின் முறை மாத்திரம் இன்றும் மாறவில்லை.

முத்திற்கு அத்தகைய தனிப்பெட்டி என்றும் அமையவில்லை. தூத்துக்குடியில் 1926, 1927, 1928 ஆகிய ஆண்டுகளிற் சலாபம் நடந்தது. பின்னர் இருபத்தேழு ஆண்டு இடைவெளி. விடுதலைக்குப்பின் 1955இல் தொடங்கி 1961 வரையிற் சென்னை அரசாங்கத்தின் மீன்வளத்துறையார் ஆண்டுதோறும் நடத்தினர். ஏழாண்டு இடைவிடாது நடந்த சலாபம் என்று மகிழ்ந்தனர். 1961க்குப்பின் பாரிற் சிப்பி போதாமையாற் சலாபம் கூடவில்லை. அதுவே இக்கரையின் கடைசிச் சலாபம். 1973இல் தூத்துக்குடிக்கு அருகில் வேப்பலோடையில், மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்புச் சிப்பியில் உருண்டை முத்து விளைவித்துக் காட்டினர். அந்த முத்திற் குவியல் பிரிப்பாரும் இல்லை, கல்லுக்கு வரி கேட்பாரும் இல்லை. சாதித் தலைவரின் உரிமைப் பங்கும், கடற்கட்டியின் இருபதில் ஒன்றும், சேதுபதியின் அறுபது கற்களும் இப்போது ஆவணக் களரியின் தாள்களிலே உறங்குகின்றன. தோலாயிரம் பாரின்மேல் மீன்படகுகள் செல்கின்றன. சங்கிற்கு இறங்குவோர் சிலர் இன்றும் அக்கடலில் மூச்சடக்குகின்றனர்.